இருபத்தெட்டில் ஒன்று

மைனஸ் முப்பத்து நாலு.
உலான்பாத்தரில் இதற்குப் பெயர் செவ்வாய்க்கிழமை.

பக்கத்து வீட்டு டீசல் லாரியின் வயிற்றுக்கடியில்
ஊதுவிளக்கைப் பிடித்துக்கொண்டு இருவர் குந்தியிருக்கிறார்கள்.
என் வண்டி ஒரு பொத்தானுக்கு விழித்துக்கொண்டது.
விழித்ததும் ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னது.
ஆறு வருடமாகச் சொல்கிறது.
வணக்கமாக இருக்கலாம்,
அட்டையைச் செருகு என்பதாகவும் இருக்கலாம்.
சரி சரி என்று நானும் சொல்லிவிடுகிறேன்.

சாலையில் வலப்பக்கம் போகவேண்டும்,
ஸ்டியரிங்கும் வலப்பக்கம்.
லாரியை முந்துவதென்றால்
இடப்பக்கம் இருப்பவரைத்தான் கேட்கவேண்டும்:
எதிரே ஏதும் வருதா?
பெயர்கூடத் தெரியாத எத்தனை பேர்
ஒரு நொடி என் உயிருக்குப் பொறுப்பேற்று
கூலியும் கொடுத்து இறங்கிப் போயிருக்கிறார்கள்.

நெரிசலில் நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடவேண்டும்.
அதற்குத்தானே இந்த வண்டி.
ஆனால் ஜனவரியில் அணையாது.
ஹீட்டருக்குச் சூடு வேண்டுமாம்.
நின்ற இடத்தில் பெட்ரோல் எரிகிறது,
ஓடுவதற்காக அல்ல,
என் கால்விரல்களுக்காக.
ஆள் இல்லாத நேரம் ஹீட்டரை நிறுத்திவிடுவேன்.
எஞ்சின் வாயை மூடும்.
அந்த அமைதியில் கண்ணாடியின் உள்பக்கம்
என் மூச்சு பூப்பூவாய் உறையும்,
ஒரு லிட்டரில் எவ்வளவு மிச்சம் என்று
நான் பல் கிட்டிக்கக் கணக்குப் போடுவேன்.

போன வாரம் சிவப்பு முக்கோணம் எரிந்தது.

தொமொர்ஹுயாக்கின் பட்டறை ஒரு கப்பல் பெட்டி.
பின்சீட்டைக் கழற்றி எறிந்தான்.
இருபத்தெட்டுக் கட்டைகள், புத்தக அலமாரிபோல்.
மீட்டர் முள்ளை ஒவ்வொன்றாய்த் தொட்டுக்கொண்டு வந்தவன்
பத்தொன்பதில் நின்றான்.
"இது போயிடுச்சு."
"குளிரிலா?"
"சூட்டில்."

இந்த ஊரில்
சூட்டில் செத்த முதல் ஆள் அதுவாகத்தான் இருக்கும்.

பிறகு மின்விசிறியைப் பிரித்துக் காட்டினான்.
பாட்டரிக்குக் காற்று வீசவேண்டிய சின்ன விசிறி,
இறகெல்லாம் வெள்ளை முடி.
மெல்லிய, நீள, நாய் முடி.
என் வண்டியில் நாய் ஏறியதில்லை.
எங்கள் நாய்கள் கறுப்பு, வேலிக்கு வெளியேதான் தூக்கம்.

அப்படியென்றால் கடலுக்கு அந்தப் பக்கம்
பின்சீட்டில் ஒன்று உட்கார்ந்து வந்திருக்கிறது,
கடைக்கோ, மருத்துவரிடமோ.
ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு.
வண்டியை விற்ற பிறகும்
அது இறங்கவேயில்லை.

நசுங்கிய வேறொரு வண்டியிலிருந்து
ஒரு கட்டையை உருவி
பத்தொன்பதாம் இடத்தில் சொருகினான்.
மற்றதோடு ஒத்துப்போகுமா என்றேன்.
"ஒரு குளிர்காலம் போகும்" என்றான்.
இரண்டாம் கல்யாணம் செய்தவன்,
தெரிந்துதான் சொல்லியிருப்பான்.
செத்த கட்டையை எங்கே போடுவாய் என்றதற்கு
கப்பல் பெட்டியின் பின்பக்கம் கை காட்டினான்.
அங்கே பனி மூடிய ஒரு குவியல்.
நான் மேலே கேட்கவில்லை.

என் நாத்தி சரங்குவா
போன மாதம் முழு மின்சார வண்டி வாங்கினாள்.
"புகையே இல்லை அண்ணி" என்று
வாசலில் நின்று சொன்னாள்.
அவள் தோளுக்குப் பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள்
வானத்துக்குள் நிமிர்ந்து ஊதிக்கொண்டிருந்தன.
பார் என்று சொல்ல வாயெடுத்தேன்.
என் டிக்கியில்
இரண்டு மூட்டை நிலக்கரிக் கட்டி.
சொல்லவில்லை.

வீடு குன்றின் மேல்.
காலையில் இறங்கும்போது பிரேக்கில் கால் வைத்தாலே போதும்,
திரையில் ஒரு சின்ன அம்பு திரும்பும்,
சக்கரத்திலிருந்து பாட்டரிக்கு.
பள்ளம்வரை சில்லறை சேரும்.
மாலையில் கரி மூட்டையோடு ஏறும்போது
அத்தனையும் போய்விடும்,
எஞ்சினும் உறுமும்,
அடுப்பில் போட இருப்பதைச் சுமந்து.

ஒரு பிடி முடியை மட்டும்
சாம்பல் தட்டில் போட்டு வைத்திருக்கிறேன்.
யாராவது சிகரெட்டோடு கையை நீட்டினால்
அங்கே வேண்டாம், ஆள் இருக்கு என்கிறேன்.